புதுப்பிப்பு: அழுகிய கிளைரிசிடியா கம்புகள், இப்போது துளிர்விட்டன (சுங்கை சிப்புட், மலேசியா)

செம்பனை (எண்ணெய்ப் பனை) தோட்டத்தை ஒட்டிய எங்கள் சின்ன நிலத்தில், மிளகுக் கொடி ஏறுவதற்காக நட்ட கிளைரிசிடியா மரக் கம்புகள் அடி அழுகிச் சாய்கின்றன என்று முன்பு கேட்டிருந்தேன். பதில் எழுதிய எல்லாருக்கும் நன்றி. பிரச்சினை தீர்ந்தது.

கைகொடுத்தது, பதில் எழுதியவர்களில் ஈப்போ அக்கா சொன்ன யோசனை. பச்சைக் குச்சி வேண்டாம், பட்டை பழுப்பேறி முற்றிய கிளைதான் வேண்டும் என்றார். ஆள் உயரத்துக்குப் பாராங்கால் (வெட்டுக்கத்தியால்) சாய்வாக வெட்டி, இலையெல்லாம் கழித்து, நிழலில் சில நாள் நிமிர்த்தி வைத்தேன். வெட்டு வாயில் பிசுபிசுப்பு காய்ந்த பிறகுதான் குழியில் இறக்கினேன். அடிப்பட்டையில் அங்கங்கே கீறிவிடச் சொன்னதும் அவர்தான். ஒரு கம்பைப் பிடுங்கிப் பார்த்தேன். கீறிய இடத்திலேயே வெள்ளை வேர் கிளம்பியிருக்கிறது. அக்டோபர் மழை பிடித்த சமயத்தில் நட்டதும் உதவியிருக்கும். வேர்ப்பொடி (வேர்விடத் தூண்டும் பொடி) வாங்கச் சொன்ன தம்பி கோபித்துக்கொள்ள வேண்டாம், அதற்குத் தேவையே வரவில்லை.

மிளகு இன்னும் நடவில்லை. கம்பு நன்றாக ஊன்றட்டும்.

எதிர்பாராதது ஆடுகள். பக்கத்து வீட்டு ஆடு கிளைரிசிடியாவின் பச்சைத் தழையை முகர்ந்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டது. ஒரு ராத்திரி வாடவிட்டுப் போட்டேன், காம்புகூட மிச்சமில்லை. குதிரைக்கு மட்டும் போட்டுவிடாதீர்கள், அதற்கு விஷம். மீதித் தழையை மண்ணின்மேல் மூடாக்காகப் பரப்பலாம். பயறு இனம்தானே, மண்ணுக்குத் தழைச்சத்து (நைட்ரஜன்) சேரும். அப்புறம், நிழல் கூடினால் கிளைகளை வெட்டிக் கவாத்து செய்ய வேண்டும்.