“சொன்னா கேக்காத கேஸ்”: கிளினிக்கில் இப்படிப் பேசலாமா?

ஹட்டன்_மகள்:
அம்மாவுக்கு 62 வயது, சீனியும் பிரஷரும் இருக்கிறது. போன வாரம் கிளினிக்கில் மூன்று மணி நேரம் வாங்கில் காத்திருந்து உள்ளே போனால், கொப்பியைப் புரட்டிய நர்ஸ் மிஸ் பக்கத்தில் இருந்தவரிடம், “இது சொன்னா கேக்காத கேஸ்” என்றார். அம்மா இனி வரமாட்டேன் என்கிறார். நோயாளியைக் குற்றம் சொல்லும் இந்த மாதிரிச் சொற்களை விடச் சொல்லி அமெரிக்க நீரிழிவுச் சங்கம் 2017இலேயே அறிக்கை வெளியிட்டது. இங்கே எப்போது?

வார்டுக்காரன்:
அமெரிக்காவை விடுங்கள். தேத்தண்ணிக்கு மூன்று கரண்டி சீனி போடாதே என்று எத்தனை தரம் சொல்வது? மெதுவாகச் சொன்னால் கால் புண்ணுக்கு மஞ்சள் பூசிக்கொண்டு வீட்டில் இருப்பார்கள். கால் போகும் என்று பயமுறுத்தினால்தான் வருகிறார்கள். அப்புறம், மரியாதை இல்லாமல் “வா, இரு” என்கிறார்கள் என்ற பிரச்சினை. சிங்கள மிஸ்மார் பலர் வார்டில் காதால் கேட்டுப் பழகிய தமிழ் அது. ஏசுகிறார்கள் என்று எடுக்கக் கூடாது.

கொழுந்துக்கூடை:
அது சரி, “அம்மா இரு” என்று சிரித்துக்கொண்டே சொல்லும் மிஸ்ஸை எங்கள் தோட்ட லயத்தில் எல்லாருக்கும் பிடிக்கும். “நீங்க” போட்டே குத்துகிறவர்கள் நம்ம ஆட்கள்தான்! கால் போகும் என்பதையும் நேராகவே சொல்லுங்கள், தப்பில்லை. ஆனால் “கேக்காத கேஸ்” என்று முடிவு கட்டிவிட்டால் அதற்குமேல் என்ன கேட்பீர்கள்? நானும் அந்தப் பெயர் வாங்கியவள். புதிதாக வந்த டொக்டர்தான், “மாத்திரை போட என்ன கஷ்டம், அம்மா?” என்று கேட்டார். காலையில் மாத்திரையைப் போட்டுவிட்டு அரை ரொட்டியோடு மலை ஏறினால், பத்து மணிக்குக் கை நடுங்கி வேர்க்கும். கொழுந்து குறைந்தால் அரைப் பேர்தான் விழும், அதாவது அரை நாள் சம்பளம்தான். அதனால் மாத்திரையை விட்டேன். சில சீனி மாத்திரை சாப்பாடு குறைந்தால் சீனியை ரொம்ப இறக்கிவிடுமாம். மாற்றித் தந்தார்.

வார்டுக்காரன்:
ஓராளிடம் இப்படிக் கதைத்துக்கொண்டிருந்தால் வரிசையை யார் பார்ப்பது?

கொழுந்துக்கூடை:
எனக்கு ஏசிய நேரத்தைக் கூட்டிப் பாருங்கள், தம்பி.

பசறையான்:
இடையில் ஒன்று. நம்ம சனம் “எனக்கு சீனி இருக்கு” என்றுதான் சொல்லும். “சீனிக்காரி” என்பது அடுத்தவர் வைக்கிற பேர்.

ஹட்டன்_மகள்:
இப்போதுதான் அம்மாவிடம் கேட்டேன். இரவு மாத்திரை மட்டும் போடுகிறாராம், காலை மாத்திரை எல்லாம் பிஸ்கட் டின்னில் கிடக்கிறது. நானும் இத்தனை நாள் “ஏன் ஒழுங்கா போடல?” என்றுதான் கேட்டிருக்கிறேன்.