முட்டைக்கோழிக் கொட்டகைக்குச் சிவப்பு விளக்கு ஏற்றதா?

கேள்வி:
வணக்கம். நாமக்கல் அருகே 300 முட்டைக்கோழிகளை ஆழ்கூள முறையில் (தரையில் தடிமனாகக் கூளம் பரப்பி) வளர்த்து வருகிறேன். சில கோழிகள் ஒன்றையொன்று கொத்திக் காயப்படுத்துவதால், வெள்ளை விளக்குகளை அகற்றிச் சிவப்பு விளக்குகளைப் பொருத்தலாமா, அதனால் முட்டை குறையுமா என்பதை அனுபவமுள்ளவர்கள் தெரிவிக்க வேண்டுகிறேன்.

பதில் 1:
தாராளமாகப் பொருத்தலாம், ஐயா. கோழி ஒளியைக் கண்ணால் மட்டுமன்றி மூளைக்குள் உள்ள உணர்விகளாலும் உணர்கிறது. நீண்ட அலைநீளமுள்ள சிவப்பொளி மண்டையோட்டை எளிதில் ஊடுருவி அவற்றை எட்டி, இனப்பெருக்க ஹார்மோன்களைத் தூண்டுவதால், முட்டை குறையுமென அஞ்ச வேண்டியதில்லை. சிவப்பு வெளிச்சத்தில் இரத்தம் தனித்துத் தெரியாததால் கொத்தலும் தணியும்.

பதில் 2:
பக்கங்கள் திறந்த கொட்டகையானால் பகலில் சூரிய ஒளியே மேலோங்கும் என்பதால், சிவப்பு விளக்கின் பயன் அதிகாலையிலும் அந்திக்குப் பிறகும் மட்டுமே கிடைக்கும். என்னைக் கேட்டால், நிறத்தைவிட நேரமே முக்கியம்: பகல் வெளிச்சத்தோடு சேர்த்து நாளொன்றுக்கு 16 மணி நேரம் ஒளி கிடைக்கட்டும், முட்டையிடும் பருவத்தில் அதைக் குறைக்காதீர்கள். இடநெருக்கடியையும், தீவனத்தில் மெத்தியோனின் (புரதத்தின் கூறான ஓர் அமினோ அமிலம்), உப்பு ஆகியவற்றின் அளவையும் கவனியுங்கள். காயம்பட்ட கோழியை உடனே பிரித்துவிடுங்கள். பாவம், மற்றவை அதை விட்டுவைக்கமாட்டா.

பதில் 3:
கோழிகளைப் பிடிக்கும் இரவுகளில் நாங்கள் மங்கலான நீல விளக்கைப் பயன்படுத்துகிறோம்; அவை மிரளாமல் அமைதியாக இருக்கின்றன.