வினாநிரல் மொழிபெயர்ப்புக்கு உதவி வேண்டும்

வணக்கம். கல்லூரி மாணவர்கள் எப்படிப் படிக்கிறார்கள், கற்றல் சூழலை எப்படி உணர்கிறார்கள் என்று ஆய்வு செய்கிறேன். ஜான் பிக்ஸும் சக ஆய்வாளர்களும் 2001இல் வெளியிட்ட 20 கூற்றுகள் கொண்ட வினாநிரலைத் தமிழாக்கிவிட்டேன். அதில் பாதி ஆழ்ந்து படிப்பதைப் பற்றியது, மீதி மேலோட்டமாகப் படிப்பதைப் பற்றியது.

‘மனப்பாடம்’ என்ற சொல்தான் இடிக்கிறது. புரியாமல் உருப்போடுவதும் மனப்பாடம், புரிந்ததை மனதில் நிறுத்துவதும் மனப்பாடம். இரண்டாமவரை மேலோட்டக் கணக்கில் சேர்த்தால் அநியாயம் இல்லையா? ‘நெட்டுரு’ என்று போட்டால் கேலி செய்வதுபோல் இருக்கிறது (எனக்கே சிரிப்பு வந்தது). வேறு நல்ல சொல் உண்டா?

அப்புறம், ஆங்கில மூலத்தைப் பார்க்காமல் என் தமிழை ஆங்கிலத்துக்குத் திருப்பிப் பெயர்க்க இரண்டு பேர் வேண்டும். முடிந்தவர்கள் இங்கே சொல்லுங்கள், கோப்பை அனுப்புகிறேன்.