ஆலிவ் சக்கையும் நம்ம ஊர்ப் புண்ணாக்கும் ஒன்றா?

வேளச்சேரி மாடி:
ஸ்பெயினில் ஆலிவ் எண்ணெய் எடுத்து மிஞ்சும் சக்கையை உரமாக்குகிறார்களாம். நாம் கடலைப் புண்ணாக்கு போடுகிற மாதிரி அதையும் அப்படியே போட்டுவிடலாமா? போன வாரம் ஊறவைக்காத புண்ணாக்கைத் தொட்டியில் போட்டு, எறும்பும் எலியும் வந்து கத்தரிச் செடியே போய்விட்டது, அந்தக் கடுப்பில் கேட்கிறேன்.

மண்புழு:
அப்படியே போட்டால் வினைதான். ஆலிவ் எண்ணெய்க்குக் கசப்பும் காரமும் தருகிற பாலிஃபீனால்கள் சக்கையில் நிறைய இருக்கும், பச்சையாக மண்ணில் சேர்த்தால் விதை முளைப்பது கெடும். அங்கே இப்போது தண்ணீர் அதிகம் சேர்க்காமல் சுழற்றிப் பிரிக்கும் முறைதான் பெரும்பாலும், அதனால் 100 கிலோ பழத்துக்கு சுமார் 80 கிலோ ஈரச் சேறு மிஞ்சும். அதை ஆட்டெரு, வைக்கோல், ஆலிவ் இலையோடு கலந்து, அவ்வப்போது புரட்டிக் காற்றுப் பட வைத்து, பல மாதம் மட்கவிட்டால் பொட்டாசியம் நிறைந்த உரம். பொறுமை வேண்டும்.

அம்பத்தூர் செக்கு:
கடலைப் புண்ணாக்கில் தழைச்சத்து 7 சதவீதம் வரை உண்டு, ஆலிவ் சக்கை அதற்குக் கிட்டே வராது. 3 நாள் ஊறவைத்து, 10 மடங்கு தண்ணீர் கலந்து ஊற்றுங்க. எறும்புக்குக் கொஞ்சம் வேப்பம் புண்ணாக்கு சேர்த்துக்கலாம். வாளியை மூடுங்க, ஆனால் இறுக்க வேண்டாம், சென்னை வெயிலில் பொங்கிவிடும்.

வேளச்சேரி மாடி:
சரி, ஊறப் போட்டாச்சு. நாற்றத்துக்குப் பக்கத்து வீட்டு மாமி என்ன சொல்வாரோ!