மறு: நெடுங்கழுத்து டைனோசர்களின் 'பொள்ளெலும்பு': காற்றெலும்பு எனலாமா?

அன்புள்ள நண்பர்களுக்கு,

> கழுத்து முள்ளெலும்புகளைப் 'பொள்ளெலும்பு' என்றே சொல்லலாமே? கேட்டதும் விளங்குகிறது.

விளங்குகிறதுதான். ஆனால் என்ன விளங்குகிறது? பொள்ளல் என்றால் ஓட்டை. நம் தொடையெலும்பும் பொள்ளல்தான், உள்ளே மஜ்ஜை இருக்கிறது. சாரோபாடுகள் எனப்படும் இந்த நெடுங்கழுத்து டைனோசர்களின் முள்ளெலும்புக்குள் இருந்ததோ காற்று. நுரையீரலிலிருந்து கிளம்பிய காற்றுப்பைகள் எலும்பைக் குடைந்து உள்ளே போயிருந்தன, இன்றைய பறவைகளில் போவதைப் போல. அந்தக் காற்று சொல்லில் இல்லாவிட்டால் சொல் பாதிதான்.

இதே எலும்பின் பெயரில் முன்பும் ஒரு சறுக்கல் நடந்திருக்கிறது. இங்கிலாந்தில் கிடைத்த முள்ளெலும்புகளின் குழிவுகளில் காற்று இருந்திருக்க வேண்டும் என்று தொல்லுயிர் ஆய்வாளர் ஹாரி சீலி கருதினார். அதனால் 1870இல் 'ஆர்னிதாப்சிஸ்', அதாவது பறவை போன்றது, என்று பெயர் வைத்தார். இன்னொரு ஆய்வாளரான ரிச்சர்ட் ஓவன் ஒப்பவில்லை. குழிவுகளில் குருத்தெலும்பு நிறைந்திருந்தது என்று எண்ணி, 1876இல் தம்மிடம் இருந்த மாதிரிக்குக் 'காண்ட்ரோஸ்டியோசாரஸ்' என்று சூட்டினார். சீலி சொன்னதுதான் சரி. ஆனாலும் இல்லாத குருத்தெலும்பு அந்தப் பெயரில் இன்றுவரை உட்கார்ந்திருக்கிறது. மறு ஆண்டே எட்வர்ட் கோப் வேறொரு சாரோபாடைக் 'காமராசாரஸ்' என்றார்: அறைகள் கொண்ட பல்லி. கண்ணால் கண்டதை மட்டும் சொன்ன பெயர், எனக்கு மிகவும் பிடித்தது.

ஒரு முள்ளெலும்பைப் பக்கவாட்டில் பாருங்கள். நடுவில் ஆழமான வாய் ஒன்று திறந்திருக்கும். குறுக்கே அறுத்தால் சிலவற்றில் பெரிய அறைகள் இரண்டு, நடுவே மெல்லிய தடுப்பு. சாரோபாடுகளில் ஒரு வகையான டைட்டனோசார்களில் தேனடை போலச் சின்னச் சின்னக் கண்களாக இருக்கும். சீனாவின் மாமென்சிசாரஸ் ஒன்றின் கழுத்து சுமார் 15 மீட்டர் என்று 2023இல் கணித்தார்கள். அதன் முள்ளெலும்புகளின் கன அளவில் 69 முதல் 77 விழுக்காடு வரை காற்றுதான். இல்லையென்றால் அவ்வளவு நீளத்தை எப்படித் தூக்குவது!

என் பரிந்துரை: காற்றெலும்பு. பறவைகளுக்குக் 'காற்றுப்பை' ஏற்கெனவே புழக்கத்தில் இருக்கிறது, அதற்கு நல்ல இணை. 'காற்றால் ஆன எலும்பு என்று படாதா?' என்று ஒருவர் கேட்டிருந்தார். தண்ணீர்க்குடம் என்றால் தண்ணீரால் வனைந்த குடம் என்று யாரும் எடுப்பதில்லையே. தண்ணீரை உடைய குடம், காற்றை உடைய எலும்பு. தொகை இலக்கணம் நமக்குத் துணை நிற்கிறது.

இன்னொரு வசதியும் உண்டு. இந்த விலங்குகளின் கால் எலும்புகளில் காற்று கிடையாது. உடல் எடை முழுவதையும் சுமந்தவை அவை, கனமானவை. 'கழுத்தில் காற்றெலும்பு, காலில் திண்ணெலும்பு' என்று ஒரே வரியில் எழுதிவிடலாம்.

அப்புறம், பக்கவாட்டு வாய்க்குக் காற்றுவாய், பெரிய குழிவுக்குக் காற்றறை, தேனடை வகைக்குக் காற்றுக்கண். எலும்புக்குள் நுழையும் காற்றுப்பையின் நீட்சிக்குத்தான் சொல் அமையவில்லை. 'கிளைப்பை' என்று வைத்திருக்கிறேன். குடலில் பிதுங்கும் பைக்கும் மருத்துவர்கள் இதையே ஆளுகிறார்களா? மருத்துவத் தமிழில் எழுதுபவர்கள் சொன்னால், அதற்கேற்ப மாற்றிக்கொள்கிறேன்.