மொட்டைமாடிக்குக் கீழே படுக்கையறை, நள்ளிரவு வரை அனல்: ஏசி இல்லாமல் எதை முதலில் செய்யலாம்?

மாடிவீடு (கேள்வி):

மேல்தள வீடு. தலைக்கு மேல் 12 செ.மீ. கான்கிரீட் தளம், அதன்மேல் வெறும் சிமெண்ட் பூச்சு, அதுவும் கருத்துப்போயிருக்கிறது. படுக்கையறை 4 மீட்டருக்கு 3 மீட்டர், உயரம் 3 மீட்டர். மேற்குச் சுவரில் 4 அடிக்கு 4 அடி கண்ணாடி ஜன்னல், உள்ளே தடித்த திரைச்சீலை. பகல் 2 மணியைவிட இரவு 9 முதல் 12 வரைதான் அறை அதிகம் சுடுகிறது. மின்விசிறியைப் போட்டால் அனல்தான் இறங்குகிறது.

ஏசி வைக்கும் எண்ணம் இல்லை. மனதில் இருப்பவை: தெர்மாகோல் ஃபால்ஸ் சீலிங், மாடியில் ஈரச் சாக்கு, வெட்டிவேர் தட்டி, மாடித்தோட்டம். எல்லாவற்றையும் ஒரே கோடையில் செய்ய முடியாது. தண்ணீரும் அளவோடுதான் வருகிறது. எதில் தொடங்குவது?

சுண்ணாம்புக்கை:

மாடியில் தொடங்குங்கள். நீங்கள் சொன்ன நேரக்கணக்கே காரணத்தைக் காட்டுகிறது. வெயில் மேற்பரப்பில் ஏறி, தளத்தைக் கடந்து உள்கூரைக்கு வர மூன்று முதல் ஐந்து மணி நேரம் பிடிக்கும். அதனால் மாலையில்தான் உள்கூரை உச்சச் சூட்டைத் தொடும். பிறகு நள்ளிரவு தாண்டியும் அந்தச் சூட்டைக் கீழே இறக்கிக்கொண்டே இருக்கும். இரவு 9 மணிக்கு ஸ்டூல் போட்டு ஏறி உள்கூரையையும் உள்சுவரையும் மாற்றி மாற்றித் தொட்டுப் பாருங்கள், எது அடுப்பு என்று கை சொல்லிவிடும்.

கருத்த கான்கிரீட் வெயிலில் முக்கால் பங்குக்கு மேல் உறிஞ்சும். புதிதாக வெள்ளையடித்த பரப்பு கால் பங்கு அளவுதான் உறிஞ்சும். செலவு குறைந்த வழி சுண்ணாம்பு. செய்முறை:

முதலில் மாடியைக் கம்பி பிரஷ்ஷால் தேய்த்து, பாசி, மண், பழைய உதிரும் பூச்சு எல்லாவற்றையும் கழுவி எடுங்கள். வெடிப்புகளை அடைத்து அது காய்ந்த பிறகே அடுத்த வேலை. சுண்ணாம்பு ஒழுகலை நிறுத்தாது. சுட்ட சுண்ணாம்பு ஒரு கிலோவுக்கு சுமார் 5 லிட்டர் தண்ணீர். தண்ணீரை முதலில் பாத்திரத்தில் எடுத்து, கற்களைச் சிறிது சிறிதாகப் போட வேண்டும். கொதித்துத் தெறிக்கும், கண்ணில் பட்டால் பார்வைக்கே ஆபத்து. கண்ணாடியும் கையுறையும் இல்லாமல் தொடவே வேண்டாம். மெல்லிய பிளாஸ்டிக் வாளி அந்தச் சூட்டைத் தாங்காது, இரும்பு டிரம் எடுங்கள். ஒருநாள் முழுக்க ஊறவிட்டு, துணியில் வடிகட்டி, கிலோவுக்கு 4–5 கிராம் கோந்தைக் கரைத்துச் சேருங்கள். பதம் நீர்த்த பால் போல இருக்க வேண்டும்.

பலர் கெடுப்பது அடுத்த கட்டத்தில்தான். கெட்டியாக ஒரே கோட் அடித்தால் செதிலாக உரியும். மெல்லியதாக மூன்று கோட், ஒவ்வொன்றும் முந்தையது காய்ந்த பிறகு, குறுக்கும் நெடுக்குமாக. தளத்தை நனைத்து, தண்ணீர் தேங்காமல் ஈரம் மட்டும் இருக்கும்போது அடியுங்கள். சுண்ணாம்பு இறுகுவது காற்றிலுள்ள கரியமில வாயுவை ஈரத்தோடு இழுத்துக்கொண்டுதான். உச்சிவெயிலில் அடித்தால் இறுகுமுன் காய்ந்துபோய், விரலில் மாவாக ஒட்டும். மாலை வெயில் சாய்ந்த பின் அடிப்பது நல்லது.

ஒரு பருவத்துக்கு மேல் எதிர்பார்க்காதீர்கள். வெயிலைத் திருப்பும் அக்ரிலிக் கூல் ரூஃப் பெயின்ட் விலை கூடுதல், ஆனால் சில ஆண்டுகள் நிற்கும். இரண்டுக்குமே தூசிதான் எதிரி. கோடை முடியும் வரை அவ்வப்போது பெருக்கி விடுங்கள். மழைநீர் சேகரிப்பு இருந்தால் முதல் சில மழைகளைத் தொட்டிக்குள் விடாமல் வெளியே திருப்புங்கள், சுண்ணாம்பின் காரம் தண்ணீரில் இறங்கும்.

தெர்மாகோல் சீலிங் வேண்டாம் என்பேன். தளம் சூடாவதை அது தடுப்பதில்லை, நமக்கும் தளத்துக்கும் நடுவே ஒரு மறைப்பு மட்டும். மூடாமல் விட்ட தெர்மாகோல் தீப்பிடித்தால் நச்சுப்புகை வேறு. வெப்பத்தடுப்புப் பலகை போடுவதானால் தளத்துக்கு மேலே, நீர்த்தடுப்போடு, அதன்மேல் தட்டோடு பதித்துப் போட வேண்டும். அது கொத்தனார் வேலை, இந்தக் கோடைக்கு உதவாது.

நிழல்வலை:

மாடி பற்றிச் சொன்னது சரி. ஆனால் அந்த மேற்கு ஜன்னலை இரண்டாம்பட்சமாக விடாதீர்கள். உள்ளே எவ்வளவு தடித்த திரை போட்டாலும் வெயில் ஏற்கெனவே கண்ணாடியைக் கடந்துவிட்டது. திரை சூடாகி அந்தச் சூட்டை அறைக்குள்ளேயே விடுகிறது. மறைப்பு கண்ணாடிக்கு வெளியே இருக்க வேண்டும்.

சன்ஷேட் இருக்கிறதே என்று நினைக்கலாம். மாலை வெயில் சாய்ந்து, கிட்டத்தட்ட நேராக வருகிறது. இரண்டடி சன்ஷேட் தலைக்கு மேல் வரும் வெயிலைத்தான் தடுக்கும். மேற்குக்குச் செங்குத்தான மறைப்பே பயன்படும்: மூங்கில் தட்டி, சுருட்டி ஏற்றும் ஓலைப்பாய், அல்லது 75 சதவீத நிழல்வலையைச் சட்டத்தில் இழுத்துக் கட்டியது. அளவு ஜன்னலைவிடப் பக்கத்துக்கு ஒரு அடி கூடுதலாக இருக்கட்டும், இல்லையென்றால் ஓரத்தில் வெயில் நுழையும். சுவரிலிருந்து 15 செ.மீ. தள்ளி, மேலும் கீழும் திறப்பு விட்டுக் கட்டுங்கள். ஒட்டிக் கட்டினால் நடுவில் சூடான காற்று அடைபட்டுக் கண்ணாடியைச் சுடவைக்கும். கீழ்முனையையும் கட்டிவிட வேண்டும், காற்றில் அடித்துக் கண்ணாடியை உடைத்துவிடும்.

மேற்குச் சுவரே சுடுகிறதென்றால் அதற்கும் வெள்ளை, அல்லது ஒரு அடி தள்ளி வலைச்சட்டம் நிறுத்திக் கொடி. கொடியைச் சுவரில் நேராக ஏற்றுவது எனக்கு உடன்பாடில்லை, பூச்சு கெடும், பூச்சி நுழையும்.

மாடிவீடு:

இருவருக்கும் நன்றி. அப்படியானால் ஈரச் சாக்கும் வெட்டிவேர் தட்டியும் தேவையே இல்லையா? கோடை முடியும் மாதங்களில் இங்கே காற்றில் புழுக்கமும் அதிகம்.

ஈரமானி:

கணக்காகவே பார்க்கலாம். ஒரு லிட்டர் தண்ணீர் ஆவியாக 0.67 யூனிட் (மின்மீட்டரில் வரும் அதே யூனிட், கிலோவாட் மணி) வெப்பத்தை எடுக்கும், அது பெரிய அளவுதான். ஆனால் மேகமில்லாத கோடை நாளில் ஒரு சதுர மீட்டர் மாடி மீது விழுவது சுமார் 6 யூனிட். கருத்த ஈரச் சாக்கு அதில் 5 யூனிட்டை உறிஞ்சினால், அதை ஆவியாகவே வெளியேற்ற 7 லிட்டருக்கு மேல் வேண்டும். உங்கள் 12 சதுர மீட்டர் அறைக்கு மட்டும் நாளுக்கு 90 லிட்டர் வரை! வெள்ளையடித்தால் அந்த வெயில் தண்ணீரே இல்லாமல் திரும்பிப் போகிறது. அளவாகத் தண்ணீர் வரும் வீட்டில் சாக்கு வீண், கூடவே கொசு, தளத்தில் ஓதம்.

வெட்டிவேர் தட்டியின் பலன் முழுக்கக் காற்றின் ஈரப்பதத்தைப் பொறுத்தது. ஈரத்துணி சுற்றிய வெப்பமானி காட்டும் அளவுக்குக் கீழே எந்தத் தட்டியும் காற்றைக் குளிர்விக்காது. 40 டிகிரி, ஈரப்பதம் 20 சதவீதம் என்றால் அந்த எல்லை சுமார் 22. நன்கு நனைந்த தட்டி வழியே வரும் காற்று 27 டிகிரியை ஒட்டி வரலாம். 34 டிகிரி, 70 சதவீதம் என்றால் எல்லையே 29. கிடைக்கும் மூன்று நான்கு டிகிரிக்காக அறைக்குள் புழுக்கத்தை ஏற்றுவீர்கள். ஆகவே வறண்ட மாதங்களில் மட்டும், காற்று நுழையும் பக்கத்தில் மட்டும் கட்டுங்கள். எதிர்ப்பக்க ஜன்னல் திறந்தே இருக்க வேண்டும். மூடிய அறையில் முதல் அரைமணி இதமாக இருந்து, பிறகு வியர்வை காயாமல் தவிப்பதற்குக் காரணம் ஈரம் வெளியேற வழியில்லாததே.

நிழல்வலை:

இதில் ஒன்று சேர்க்கிறேன். இரவில் ஜன்னலைச் சிறிது நேரம் திறந்து வைத்துவிட்டு, காற்றோட்டத்தால் பயனில்லை என்று பலர் விட்டுவிடுகிறார்கள். இவர் அறையில் இருப்பது 36 கன மீட்டர் காற்று, எடை 43 கிலோ. மேலே தளம் மட்டுமே சுமார் மூன்றரை டன். ஒரு டிகிரிக்குக் கணக்கிட்டால் அந்தக் காற்றைப்போல 70 மடங்கு வெப்பம் தளத்தில் இருக்கிறது. ஒருமுறை காற்று மாறினால் சில நிமிடங்களில் பழைய சூடு திரும்பிவிடும். விடியும் வரை ஓட்டம் நிற்கக் கூடாது.

எக்ஸாஸ்ட் ஃபேனைச் சுவரின் உச்சியில் வையுங்கள். மணிக்கு 20 முறை காற்று மாற 720 கன மீட்டர் தேவை. பெட்டியில் போட்டிருக்கும் அளவைப் பார்த்து வாங்குங்கள். எதிர்ப்பக்கம், தாழ்வான ஜன்னல், ஃபேன் துளையைப்போல இரண்டு மடங்காவது திறப்பு, அதில் கொசுவலை. வேறு திறப்புகள் ஃபேனுக்கு அருகில் இருந்தால் மூடுங்கள். காற்று குறுக்குவழியாகப் போய்விடும், அறை அப்படியே இருக்கும். உள்ளே ஒன்று, வெளியே நிழலில் ஒன்று என இரண்டு வெப்பமானி மாட்டி, வெளியே குறைந்த பிறகே திறந்து, காலையில் வெளியே ஏறத் தொடங்கியதும் மூடுங்கள். மணியைப் பார்த்துத் திறப்பதைவிட இது நம்பகமானது.

சுண்ணாம்புக்கை:

ஆமாம், அதோடு வெள்ளை மாடிக்கு இன்னொரு நன்மை: இரவில் அது தன் சூட்டை வானத்துக்கும் விடும். அதனால்தான் கான்கிரீட்டுக்கு அலுமினிய நிறப் பூச்சை நான் பரிந்துரைப்பதில்லை. பளபளப்பு வெயிலைத் திருப்பினாலும், ஏறிய சூட்டை எளிதில் வெளிவிடாது.

மாடித்தோட்டத்தை அடுத்த ஆண்டுக்குத் தள்ளுங்கள், அதுவும் பொறியாளர் பார்த்த பிறகு. நனைந்த மண் 10 செ.மீ. உயரத்துக்குப் பரப்பினால் சதுர மீட்டருக்கு 160 முதல் 200 கிலோ. பழைய தளத்தில் அதை யூகத்தில் ஏற்றக் கூடாது. தொட்டிகள் வைத்தே தீர வேண்டுமென்றால் சுவரும் உத்திரமும் போகும் கோட்டின்மேல், செங்கல் வைத்துத் தூக்கி, அடியில் தண்ணீர் ஓட இடம் விட்டு வையுங்கள்.

மாடிவீடு:

சரி, இந்த வாரம் மாடியைக் கழுவி வெடிப்பு அடைக்கிறேன், கூடவே ஜன்னலுக்கு மூங்கில் தட்டி. ஒரே ஒரு சந்தேகம்: சீலிங் ஃபேனைப் பகலில் ஆளில்லாதபோதும் ஓடவிட்டால் அறை குளிர்ந்திருக்குமா?

ஈரமானி:

இருக்காது, அணைத்துவிடுங்கள். ஃபேன் காற்றைக் குளிர்விப்பதில்லை, தோலிலிருந்து வியர்வையை வேகமாகக் காயவைக்கிறது. ஆளில்லாத அறையில் அதன் 75 வாட்டும் வெப்பமாகவே சேரும். புதிதாக வாங்கினால் 30 வாட் அளவில் ஓடும் பிஎல்டிசி (பிரஷ் இல்லாத மோட்டார்) ஃபேன் எடுங்கள். அறைக்காற்று 40 டிகிரியைத் தாண்டினால் ஃபேன் உடம்பின் மீது சூட்டையே தள்ளும். அந்த நேரத்தில் வீட்டில் முதியவர்களோ குழந்தைகளோ இருந்தால் கீழ்த்தளத்துக்கு அழைத்துப் போய், கைகால்களை ஈரத்துணியால் துடைத்துவிடுங்கள்.