முதல் தேன்பெட்டி: ஆடி மழையில் காலியான கூடு

குலசேகரம்

மூன்று வருடமாகியும் மறக்க முடியாததால் எழுதுகிறேன். மாசியில் இரண்டு பெட்டி வாங்கினேன். ரப்பர் இலையுதிர்ந்து தளிர்விட்டிருந்த நேரம். இலைக்காம்பின் நுனியில் கசியும் தேனைத் தேனீக்கள் அள்ளிக்கொண்டு வந்து கொட்டிக்கொண்டே இருந்தன. சித்திரை முடிவதற்குள் நான்கு முறை தேன் எடுத்தேன். கடைசி முறை தேனுக்கென்று வைக்கும் மேலறையோடு நிற்காமல், கீழே தேனீக் குஞ்சுகள் வளரும் புழு அறையின் ஓரத்து அடைகளில் இருந்ததையும் எடுத்துவிட்டேன். அதுதான் அவற்றின் மழைக்காலச் சாப்பாடு என்று பெட்டி விற்றவர் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

ஆடியில் விடாத மழை. ஒரு வாரம் கழித்து வெயில் எட்டிப்பார்த்த காலையில் போனேன். வாசலில் காவல் இல்லை. பெட்டியின் பக்கத்தில் காதை வைத்தேன். சோறு கொதிப்பதுபோல எப்போதும் ஓர் இரைச்சல் இருக்கும்; அன்று ஒன்றுமே இல்லை. மூடியைத் திறந்தால் அடை முழுக்க வெள்ளை நூலாம்படை, அதற்குள் மெழுகுப் புழு நெளிகிறது. ஓர் அறைக்குள் தலையை விட்டபடி ஒரு தேனீ செத்திருந்தது. கடைசிச் சொட்டைத் தேடித் தலையை நுழைத்திருக்கிறது. அதன் பின்பாதி மட்டும்தான் வெளியே தெரிந்தது. இன்னொரு பெட்டியில் அதுகூட இல்லை, கூட்டமாக ஓடிப்போயிருந்தன.

புதிதாக ஆரம்பித்த மற்றவர்களுக்கு என்ன நடந்தது?

தாண்டிக்குடி

எனக்கு நடந்தது வேறு. காப்பித் தோட்டத்தில் பூ மழை பெய்து, மலை முழுக்க வெள்ளையாகப் பூத்திருந்தது. பயிற்சிக்குப் போய் இரண்டே வாரம். அடை கட்டியிருக்கும் மரச்சட்டத்தைத் தூக்கிப் பார்க்கும் ஆசை. புது அடை, வெண்ணெய்போல இருக்கும் என்று சொல்லியிருந்தார்கள். ராணியைத் தேடும் அவசரத்தில், புத்தகத்தைப் பிரித்துப் படிப்பதுபோலச் சட்டத்தைப் படுக்கைவாட்டில் திருப்பினேன். அடை மொத்தமாகக் கழன்று, புழுவும் முட்டையுமாக என் செருப்பின் மேல் விழுந்தது. ராணி அதில்தான் இருந்திருக்கிறது. பத்து நாள் கழித்துப் பார்த்தபோது பெட்டியில் ஒரு முட்டைகூட இல்லை.

கொட்டியது வலிக்கவில்லை. செருப்பில் ஒட்டியிருந்த அந்த வெள்ளைப் புழுக்களைத்தான் இன்றும் நினைத்துக்கொண்டிருக்கிறேன்.

குலசேகரம் தம்பிக்கு ஒன்று: மழைக்கு முன்பே சர்க்கரைப் பாகு வைத்திருந்தால் அந்தக் கூட்டம் தங்கியிருக்கும்.

இயற்கைவழி

சர்க்கரைப் பாகு கொடுக்கச் சொல்வதை ஏற்க முடியாது. கடையில் வாங்கும் தேனில் பாகு கலந்திருக்கிறது என்று நாம்தான் ஊரெல்லாம் சொல்கிறோம். அதையே பெட்டிக்குள் வைத்தால் நமக்கும் அவர்களுக்கும் என்ன வித்தியாசம்? காட்டில் மரப்பொந்தில் இருக்கிற தேனீக்கு யார் பாகு காய்ச்சிக் கொடுக்கிறார்கள்? என் தோட்டத்தில் இரண்டு பெட்டி இருக்கிறது. ஒரு வருடமாக எதுவும் கொடுத்ததில்லை, நன்றாகவே இருக்கின்றன.

அருமனை

இயற்கைவழி ஐயா, மரப்பொந்துத் தேனீயின் தேனை யாரும் புழு அறை வரை சுரண்டுவதில்லை. அதுதான் வித்தியாசம். நாம் எடுத்துக்கொண்டோம், ஆகவே நாம்தான் கொடுக்க வேண்டும்.

என் கதை சின்னது. அப்பாவிடம் நாற்பது பெட்டி இருந்தது. 1991, 92இல் தாய்லாந்து புழுப்பை நோய் வந்து தெற்கே பெரும்பாலான கூடுகளையும் வாரிக்கொண்டு போனதே, அப்போது எனக்குப் பன்னிரண்டு வயது. மூடாத அறைகளில் புழுக்கள் தலையைத் தூக்கிக்கொண்டு, சின்னத் தோணிபோல வளைந்து செத்துக் கிடந்தன. அப்பா ஊசியால் ஒன்றை எடுத்துக் காட்டினார். நீர் கட்டிய பைபோலத் தொங்கியது. அந்த வருடம் எங்கள் வீட்டில் ஒரு பெட்டியும் மிஞ்சவில்லை. அப்பா மறுபடி தொடங்க ஆறு வருடம் ஆயிற்று.

இனி பாகு பற்றி. யாரும் கேட்கவில்லை, ஆனாலும் சொல்லியே ஆக வேண்டும். தேன் வரத்து உள்ள காலத்தில் பாகு கொடுத்தால் அது கலப்படம்தான். அதில் எனக்கும் மறுப்பில்லை. வைகாசிக்குப் பிறகு மேலறையைக் கழற்றிவிட்டு, கீழறைக்கு மட்டும் கொடுப்பது பஞ்சக் காலத்துக் கஞ்சி. அதை அவையே தின்று தீர்த்துவிடும். சர்க்கரை ஒரு பங்கு, தண்ணீர் ஒரு பங்கு. காய்ச்சி நன்றாக ஆறவிடுங்கள். ஒரு சிரட்டையில் ஊற்றி, மேலே நாலைந்து ஈர்க்குச்சி போடுங்கள், இல்லாவிட்டால் மூழ்கிச் சாகும். இருட்டத் தொடங்கியதும் உள்ளே வையுங்கள். பகலில் வைத்து ஒரு சொட்டு வெளியே சிந்தினாலும் போதும், பலமான கூடு வந்து பலவீனமான கூட்டைக் கொள்ளையடித்துவிடும். வாசலில் கட்டிப்புரண்டு சண்டை போடுவதைப் பார்த்தவர்களுக்குத் தெரியும்.

ஆள் குறைந்துவிட்டால், தேனீ மொய்க்காத அடைகளை எடுத்துவிட வேண்டும். காவலில்லாத அடையில்தான் மெழுகுப் புழுவின் தாயான அந்துப்பூச்சி முட்டையிடும். அடிப்பலகையை வாரம் ஒருமுறை துடையுங்கள். அங்கே விழும் மெழுகுத் தூளில்தான் அந்தப் புழு முதலில் பிறக்கிறது. பெட்டிக்காலின் கிண்ணத்தில் தண்ணீர் வற்றவிடக் கூடாது, வற்றினால் மறுநாளே எறும்பு ஏறும். புகைக்குத் தேங்காய்க் கதம்பை போதும், பிளாஸ்டிக் எரிக்காதீர்கள். கொட்டினால் கொடுக்கைத் தாமதிக்காமல் நகத்தால் சுரண்டி எடுத்துவிடுங்கள். மூச்சு முட்டினால், உடம்பெல்லாம் தடித்தால், பெட்டியை அப்படியே போட்டுவிட்டு ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள்.

ஐயா, உங்கள் ஒரு வருடம் நல்லபடியாகப் போயிருக்கிறது, சந்தோஷம். இரண்டாவது ஆடியும் தாண்டட்டும், பேசுவோம்.

ஆனைமலை தோப்பு

நான் பெட்டியோடு கூட்டம் வாங்கவில்லை. தென்னந்தோப்பில் கவிழ்த்துப்போட்ட பழைய பானைக்குள் கூடு இருந்தது. பக்கத்துத் தோட்டத்து அண்ணன் உதவிக்கு வந்தார். அடைகளைக் கத்தியால் அறுத்து, புழு இருந்த பகுதியை மட்டும் சட்டத்தில் வைத்து வாழைநாரால் கட்டினோம். கை நடுங்கியது. தேனீக்கள் பெட்டிக்குள் போகவே இல்லை. பானையின் விளிம்பில் கொத்தாகத் தொங்கின. அண்ணன் கையை உள்ளே விட்டு, ஒரு கைப்பிடியை மெல்ல அள்ளிப் பெட்டியில் விட்டார். அதில் ராணி இருந்திருக்கிறது.

அடுத்த நிமிடம் நடந்ததைத்தான் சொல்ல வந்தேன். பெட்டி வாசலில் நாலைந்து தேனீக்கள் வரிசையாக நின்று, வாலைத் தூக்கி, இறக்கையை விசிறின. மற்றவற்றுக்கு வாசனை விட்டு வழி சொல்கின்றனவாம். பானையில் தொங்கியவை ஊர்வலம்போல நடந்து உள்ளே போயின. ஆம், பறக்கவில்லை, நடந்தே போயின. நான் மண்ணில் உட்கார்ந்து, இருட்டும்வரை பார்த்தேன். கட்டிய நாரை மூன்றாம் வாரம் அவையே கடித்துத் துண்டுதுண்டாக வாசலில் தள்ளியிருந்தன.

தாண்டிக்குடி அண்ணா, புழு இருந்த அடையில் மூன்று நாளைக்குள் இட்ட முட்டை இருந்திருந்தால் புது ராணி வளர்த்திருக்குமே? விழுந்த துண்டைக் கட்டி வைத்துப் பார்த்தீர்களா?

தாண்டிக்குடி

இல்லை அம்மா. கட்டலாம் என்று அன்று தெரியாது. பயத்தில் மண்ணைப் போட்டு மூடிவிட்டேன்.

குலசேகரம்

அருமனை அண்ணன், என் இரண்டு பெட்டியும் இன்னும் கிணற்றடியில் இருக்கின்றன. புழு தின்ற சட்டத்தை மறுபடி உபயோகிக்கலாமா?

அருமனை

அடையை முழுவதும் வெட்டி உருக்கிவிடுங்கள். சட்டத்தையும் பெட்டியையும் சுரண்டி, இரண்டு நாள் நல்ல வெயிலில் காயவையுங்கள். இடுக்குகளில் தீயைக் காட்டுங்கள். ஐப்பசி கார்த்திகையில் நான் ஒரு கூட்டை இரண்டாகப் பிரிப்பேன். ஒரு பெட்டியை மட்டும் எடுத்துக்கொண்டு சாயங்காலம் வாருங்கள். இன்னொன்று அடுத்த வருடம்.